பழைய காரும் வாங்குவோர் உரிமையும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கிணறு, பயிர், பாதை, பால் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றைப் பற்றிப் பேசிப் பழகிய இத்தகைய கூட்டத்தில், பழைய மோட்டார் காரைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது தங்களுக்குச் சற்று விந்தையாகத் தோன்றக்கூடும். ஆயினும் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம், பாலக்கோடு என்று இம்மாவட்டத்தின் எப்பகுதிக்குச் சென்றாலும், ஓட்டு வீட்டின் முன்னே ஒரு கார் நிற்பதை இன்று காண்கிறோம். அவற்றுள் பல, முன்னர் வேறொருவர் ஓட்டி விற்றவை. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், விளைந்த காய்கறியில் நாலு கூடையைச் சந்தைக்கு எடுத்துச் செல்லவும் அது பயன்படுகிறது. ஆகவே அதனை ஆடம்பரம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. நிலத்துக்கும் நகைக்கும் அடுத்தபடியாக ஒரு விவசாயக் குடும்பம் மொத்தமாகப் பணத்தைக் கொட்டும் பொருள் இன்று இதுவேயாகும்.

நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்கிறோம். நகையை உரைத்துப் பார்க்கிறோம். காரிமங்கலம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். விவரம் அறிந்த இரண்டு பேரை உடன் அழைத்துச் செல்கிறார். அதன் பிறகே துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார். இத்தனை எச்சரிக்கையுள்ள அதே மனிதர், மாட்டின் விலையைப் போல ஐந்து மடங்கு பத்து மடங்கு விலையுள்ள காரை வாங்கும்போது, வண்ணப் பூச்சின் பளபளப்பையும் இருக்கையின் புதிய உறையையும் பார்த்துவிட்டு முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறார். மாட்டைப் பற்றி நமக்குத் தெரியும். இயந்திரத்தைப் பற்றித் தெரியாது. விற்பவருக்குத் தெரியும். இந்த ஏற்றத்தாழ்வுதான் தொல்லை யாவற்றுக்கும் வேர்.

இதனை ஒரு பெரிய பொருளாதார அறிஞரே ஆராய்ந்திருக்கிறார் என்பது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அமெரிக்க நாட்டுப் பேராசிரியர் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்பார், 1970-ஆம் ஆண்டில் பழைய கார்ச் சந்தையை உதாரணமாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். நல்ல வண்டி எது, கெட்ட வண்டி எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாதபோது, அவர் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலையே கொடுக்க முன்வருவார். அந்த விலைக்கு நல்ல வண்டியை விற்க அதன் சொந்தக்காரருக்கு மனம் வராது. ஆகையால் நல்லவை விலகிக்கொள்ள, கெட்டவையே சந்தையில் மிகும் என்பது அவர் கண்ட உண்மை. 2001-ஆம் ஆண்டில் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டபோது இக்கட்டுரையே பெரிதும் பேசப்பட்டது. நம் ஊர்த் தரகர்களுக்கு இவ்வுண்மை அதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே தெரியும் என்பது வேறு விஷயம்.

எனக்கு உறவினர் ஒருவர். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி பயிரிடுகிறவர். ஒரு பருவத்தில் நல்ல விலை கிடைத்தது. பக்கத்து நகரம் ஒன்றில் பழைய கார் வியாபாரம் செய்யும் ஒருவரிடம் 2,40,000 ரூபாய்க்குக் கார் ஒன்று வாங்கினார். "இன்ஜினில் கை வைத்ததே இல்லை, டாக்டர் ஒருவர் ஓட்டிய வண்டி" என்று சொன்னார்கள். (விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பாதி, டாக்டர்களே ஓட்டியவையாக எப்படித்தான் இருக்கின்றனவோ!) பதினோராம் நாள், குடும்பத்துடன் சேலத்திலிருந்து திரும்பி வருகையில், தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் இன்ஜின் கொதித்துப் புகை கிளம்பி வண்டி நின்றுவிட்டது. அந்தக் கணவாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலிருந்து லாரிகள் இறங்கி வரும் சாலையின் ஓரத்தில், குழந்தைகளை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார்கள்.

மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். ஹெட் காஸ்கெட் முன்பே போயிருந்தது. ரேடியேட்டரில் கசிவை அடைக்கும் மருந்து ஊற்றியிருந்தார்கள். இரைச்சல் கேளாதிருக்கக் கெட்டியான ஆயில் நிரப்பியிருந்தார்கள். பத்து நாள் ஓடுவதற்கான வைத்தியம் அது. பத்து நாள் ஓடிற்று. விற்றவரிடம் கேட்டபோது, "இங்கிருந்து போகும்போது நன்றாகத்தானே போயிற்று? உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். ஆங்கிலத்தில் அச்சிட்ட அந்தக் காகிதத்தில் என் உறவினர் கையெழுத்திட்டிருந்தது மெய்தான். ரசீது வேண்டுமென்று அவர் கேட்டிருக்கவில்லை.

இத்தகைய நிலையில் சட்டம் என்ன சொல்கிறது என்பதே இன்று நான் பேச வந்த பொருள்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மோட்டார் கார் பிறவாத காலத்துச் சட்டமாகையால், அதில் குதிரையை வைத்தே உதாரணம் காட்டியிருக்கிறார்கள். ஒருவன் தன் குதிரைக்கு நோய் உண்டென்று அறிந்தும் ஒன்றும் சொல்லாமல் ஏலத்தில் விற்கிறான். இது மோசடி ஆகாது என்கிறது அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு. கேளாதவனுக்குச் சொல்லும் கடமை பொதுவாக விற்பவனுக்கு இல்லை. ஆனால் அதே பிரிவில் இன்னொரு உதாரணமும் இருக்கிறது. வாங்குகிறவன், "நீர் மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நல்ல நிலையில் இருப்பதாகவே நான் கொள்வேன்" என்கிறான். விற்பவன் பேசாமல் இருக்கிறான். இங்கே அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். குதிரை நோயுள்ளதாயின் அது மோசடியாகிவிடும்.

இந்த இரண்டாவது உதாரணத்தை ஒவ்வொரு விவசாயியும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கேள்வி கேட்டாலன்றி உரிமை பிறப்பதில்லை. இந்த வண்டி விபத்தில் சிக்கியதுண்டா? இன்ஜினைப் பிரித்து வேலை செய்ததுண்டா? ஓடிய கிலோமீட்டர்க் கணக்கு மெய்யானதா? வெள்ளத்தில் நின்ற வண்டியா? கடன் பாக்கி உண்டா? இவற்றை வாயால் கேட்டால் போதாது. கைப்பேசியில் எழுதி அனுப்பி, "இவற்றில் மாறுபாடு இருந்தால் தெரிவியுங்கள், இல்லையெனில் சரியென்றே நம்பி வாங்குகிறேன்" என்று ஒரு வரியையும் சேர்த்துவிட வேண்டும். விடை வந்தாலும் அது சாட்சி, வராவிட்டாலும் பயன்படும். ஆனால் ஓர் எச்சரிக்கை: சாதாரண முயற்சியாலேயே உண்மையை அறிந்திருக்கக்கூடிய இடத்தில், மௌனத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்று 19-ஆம் பிரிவு கூறுகிறது. வண்டியை ஒரு மெக்கானிக்கிடம் காட்டக்கூட இல்லையா என்று நீதிபதி கேட்பார்.

நிற்க. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்னும் ஒரு படி முன்னே செல்கிறது. பொருளின் தரத்துக்கு விற்பவர் பொறுப்பில்லை என்பதே அதன் பொது விதி. ஆனால் அந்தப் பொருளையே வியாபாரமாக விற்பவரிடம், இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று சொல்லி, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், அது அக்காரியத்துக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை எழுதப்படாமலே ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடுகிறது. வாங்குகிறவர் சோதித்துப் பார்த்திருப்பாராயின், அச்சோதனையில் கண்ணுக்குப் புலப்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு இது பொருந்தாது. தேய்ந்த டயர், நசுங்கிய கதவு, கிழிந்த இருக்கை பற்றி நாளை வழக்காட முடியாது. ரேடியேட்டரில் ஊற்றிய மருந்து அப்படிப்பட்டதன்று. "உள்ளது உள்ளபடி" என்னும் காகிதமும் கண்ணால் கண்ட குறைகளுக்கே பெரிதும் துணை நிற்கும். வாயால் சொன்ன பொய்க்கு அது கேடயமாக முடியாது.

மேற்சொன்ன இரண்டு சட்டங்களையும் கொண்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக முடியும். வழக்கறிஞர், கட்டணம், காலதாமதம் என்று எண்ணி ஏழைக் குடியானவர் பின்வாங்கிவிடுவார். அக்குறையை நீக்கவே 1986-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் வந்தது. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2019-ஆம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் புதிய பொருள், பழைய பொருள் என்னும் வேற்றுமை இல்லை. விலை கொடுத்து வாங்கியவர் நுகர்வோர். குறைபாடு என்பதற்கு இச்சட்டம் தரும் விளக்கம் மிகவும் விரிவானது. சட்டமும் ஒப்பந்தமும் கோரும் தரம் மட்டுமன்றி, வியாபாரி எவ்விதத்திலேனும் உண்டென்று சொல்லிக்கொண்ட தரம் இல்லாவிட்டாலும் அது குறைபாடுதான். விளம்பரப் பலகையில் எழுதியது, கைப்பேசியில் பேசியது எல்லாம் இதில் அடங்கும். பழைய பொருளைப் புதிதென்று பொய் சொல்லி விற்பது நேர்மையற்ற வணிகச் செயல். ரசீது கொடாமையும் அப்படியே. குறையுள்ள பொருளை, ரசீதில் கண்ட கெடுவுக்குள்ளும், கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதும் அப்பட்டியலில் உள்ளது. என் உறவினர் பதினோராம் நாளில் நின்றவர். இதை அவர் அன்று அறிந்திருக்கவில்லை.

பழையதைப் புதிதென்று விற்ற வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கோவாவில் ஒருவர் 2011-ஆம் ஆண்டில் புதிய கார் என்று நம்பி ஒரு டாட்டா காரை வாங்கினார். அது 2009-ஆம் ஆண்டில் செய்யப்பட்டு, 622 கிலோமீட்டர் ஓடிய வண்டி என்பது பின்னர்த் தெரியவந்தது. நுகர்வோர் மன்றங்கள் விற்பனையாளரையும் உற்பத்தியாளரையும் பொறுப்பாக்கின. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளருக்கு அச்செயலில் பங்குண்டு என்பது தனியே எடுத்துரைத்து மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, டாட்டா மோட்டார்ஸ் நிறுவனத்தை விடுவித்தது. இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. பெரிய பெயரைக் கண்டு அவர்மீது வழக்குத் தொடுப்பதால் பயனில்லை. விற்றவர் யார், பணத்தைப் பெற்றவர் யார், பொய் சொன்னவர் யார் என்பதே கேள்வி. ஆகையால் ரசீதில் விற்பவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு பெரிய வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். வியாபாரியிடம் வாங்கினால் நுகர்வோர் ஆணையம். பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவர் தம் சொந்தக் காரை உங்களுக்கு விற்றால், அவர் வியாபாரி அல்லர். அங்கே குதிரை உதாரணம் சொன்ன பழைய சட்டமும் உரிமையியல் நீதிமன்றமுமே கதி. நம் பக்கத்தில் தரகர்கள், தாமே வியாபாரியாக இருந்துகொண்டு, முந்தைய சொந்தக்காரரிடமிருந்து நேரே உங்களுக்கு விற்றது போலக் காகிதம் தயாரிப்பார்கள். இடையில் அவர்கள் பெயரே வராது. இதனைத் தடுக்கும் பொருட்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் திருத்தம் செய்யப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பழைய வண்டி வியாபாரம் செய்வோர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டியை அவர்களிடம் ஒப்படைத்த செய்தியைச் சொந்தக்காரர் படிவம் 29-சி மூலம் தெரிவிக்க வேண்டும். அதன் பின் விற்கும் வரை பொறுப்பு வியாபாரியைச் சாரும். "அங்கீகாரச் சான்று எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். காட்டுகிறவரிடம் பேரம் பேசலாம். காட்டாதவரிடம் விலை மலிவாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

பெயர் மாற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊர்களில் ஆர்.சி. புத்தகம் மூன்று நான்கு கை மாறியும் முதல் சொந்தக்காரர் பெயரிலேயே கிடக்கிறது. விற்றவர் மாநிலத்துக்குள்ளாயின் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு. பலமுறை கை மாறிய கார் ஒன்று 2009-இல் மோதி ஒரு குழந்தை இறந்தது. புத்தகத்தில் பெயர் இருந்தவர், தாம் எப்போதோ விற்றுவிட்டதாகச் சொன்னார். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர் என்று கூறி, இழப்பீட்டுப் பொறுப்பை அவர்மீதே வைத்தது. ஆகவே வாங்குகிறவருக்கு மட்டுமன்றி, தம் பழைய காரை விற்றுவிட்டு நிம்மதியாக இருப்பவருக்கும் இது தலைமேல் தொங்கும் கத்தியாகும். புத்தகத்தில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35-ஐயும் வங்கியின் கடிதத்தையும் பெறாமல் பணம் கொடுக்கக் கூடாது.

வண்டி பழுதாகி நின்றபின் செய்ய வேண்டுவதில் பெரும்பாலோர் தவறுவது ஓரிடத்தில்தான். கோபத்திலும் அவசரத்திலும் உடனே பிரித்து, பழுதான பாகத்தைக் காயலான் கடையில் போட்டுவிட்டு, வேலை முடிந்தபின் வழக்குக்கு வருகிறார்கள். குறை இருந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு வாங்கியவருடையது. சாட்சியை அவரே அழித்துவிட்டால் ஆணையம் என்ன செய்யும்? முதலில் விற்றவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பதிவுடன் கூடிய விரைவுத் தபால் சிறந்தது. வந்து பார்க்க அவருக்கு நாள் கொடுக்க வேண்டும். பின்னர் அறிந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பிரிக்கச் செய்து, புகைப்படம் எடுத்து, எது பழுது, அது எத்தனை காலமாக இருந்திருக்கக்கூடும் என்று தேதியுடன் எழுதி வாங்க வேண்டும். கழற்றிய பாகங்களை ஒரு சாக்கில் கட்டி வைக்க வேண்டும். சோதனை தேவைப்படின் தக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி அறிக்கை பெறும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு.

தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். விற்றவர் பெங்களூரிலோ சென்னையிலோ இருந்தாலும் கவலையில்லை. மனுதாரர் வசிக்கும் இடத்தில் வழக்குத் தொடுக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஓசூருக்கு அப்பால் சென்று வண்டி வாங்கி வரும் நம்மவர்க்கு இது பெரிய நன்மை. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரையில் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வழக்கறிஞரை வைத்தாக வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்துவிட வேண்டும். எதிர்த்தரப்பார் 30 நாளிலும், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாளிலும் பதில் சொல்ல வேண்டும். அதற்கு மேல் நாள் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் முடிவாகக் கூறிவிட்டது. மூன்று மாதத்தில், சோதனை தேவைப்படின் ஐந்து மாதத்தில் தீர்க்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம். நடைமுறையில் இதைவிட நீளுவதுண்டு. அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிட்டால், வழக்கின்றியே சில தகராறுகள் தீர்ந்துவிடுகின்றன.

பிற நாடுகளில் வாங்குவோருக்கு இன்னும் எளிது. இங்கிலாந்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய பழைய காரில் குறை கண்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆறு மாதத்துக்குள் வெளிப்பட்ட குறை, விற்றபோதே இருந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. அமெரிக்காவில் உத்தரவாதம் உண்டா, இல்லையா என்பதை ஒவ்வொரு பழைய காரின் கண்ணாடியிலும் வியாபாரி ஒட்டிவைக்க வேண்டும் என்னும் விதி 1985 முதல் இருந்து வருகிறது. நம் நாட்டில் பழைய காருக்கென்று இவ்வாறு தனிச் சட்டம் இல்லை. சுமை இன்னும் வாங்குகிறவர் தலையிலேதான் இருக்கிறது.

என் உறவினர் கதையை முடிக்கவில்லை. காருக்கு விலை பேசியபோது விற்றவர் அனுப்பிய குரல் பதிவு ஒன்று அவர் கைப்பேசியில் இருந்தது. "இன்ஜினில் கை வைத்ததே இல்லை" என்னும் சொல் அதில் தெளிவாகக் கேட்டது. அதைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினோம். உதவி எண்ணிலும் முறையிட்டோம். மூன்று வாரத்தில் விற்றவர் ஆள் அனுப்பி, பழுது பார்த்த செலவில் பாதியைத் தருவதாகச் சொன்னார். ஆணையத்துக்குப் போனால் முழுத்தொகையும், அந்தக் கணவாயில் பட்ட துன்பத்துக்கு ஈடும் கேட்கலாம் என்று நான் வற்புறுத்தினேன். "நாற்று நட ஆள் கிடைக்காத சமயம்; தருமபுரிக்கு எத்தனை முறை அலைவது?" என்று அவர் பாதியை வாங்கிக்கொண்டார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. எனினும் மறுபாதி அவருடையதே.

கிராம சபை கூடும் நாட்களில் இதற்கும் கால்மணி நேரம் ஒதுக்கலாம். படித்த இளைஞர் இருவர் பொறுப்பேற்று, ஊரில் ஒருவர் வண்டி வாங்கப் போகிறார் என்றால், அரசின் வாகன் பதிவேட்டில் அவ்வண்டியின் இன்ஷூரன்ஸ், தகுதிச் சான்று, கடன் விவரங்களைக் கைப்பேசியிலேயே பார்த்துக் கொடுக்கலாம். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கலாம். மாடு பிடிக்க நாலு பேர் உடன் போகும் வழக்கம் நம்மிடம் உள்ளதுதானே?

பேசி முடிக்குமுன் பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "கார் சரி, பழைய டிராக்டருக்கும் சரக்கு வண்டிக்கும் இது பொருந்துமா?" நல்ல கேள்வி. மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியது வணிக நோக்கமன்று. கோவை பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகம் எதிர்த்தரப்பாக இருந்த 1995-ஆம் ஆண்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதனை விளக்கியது: ஆட்டோ ரிக்ஷாவையோ லாரியையோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைக்கிறவர் நுகர்வோர், வாங்கிப் பிறரைக் கொண்டு ஓட்டுகிறவர் அல்லர். விதை வாங்கிய விவசாயிகளும் நுகர்வோரே என்று அதே நீதிமன்றம் 2012-இல் கூறியிருக்கிறது. ஆகவே சொந்த நிலத்தை உழத் தாமே ஓட்டுவதற்கு டிராக்டர் வாங்கியவர் தயக்கமின்றி ஆணையத்துக்குச் செல்லலாம். நாலு டிராக்டர் வாங்கி ஆள் வைத்து வாடகைக்கு விடுகிறவர் முதலில் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நல்லது. கேட்டவர் சிரித்துக்கொண்டே, "எனக்கு ஒன்றுதான்" என்றார்.